ஜன்னல் இருந்த இடத்தில் ஒரு தாழைக்கோழி

எங்கள் கட்டடத்தின் கிழக்குச் சுவரில் ஒன்பது மாடி உயரத்துக்கு ஒரு நீலத் தாழைக்கோழி நிற்கிறது. சிவப்பு அலகு, நீண்ட கால்கள், சுற்றிலும் கோரைப்புல். சென்னையின் ஓஎம்ஆர் சாலையில் பைக்கில் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் பறவையின் கழுத்து வளைகிற இடத்தில், ஆறாவது மாடியில், என் அம்மாவின் படுக்கையறை இருக்கிறது. அங்கே நாலடிக்கு நாலரை அடியில் ஒரு ஜன்னல் வந்திருக்க வேண்டும். நான் கையெழுத்துப் போட்ட வரைபடத்தில் அது இருந்தது. கட்டிய வீட்டில் இல்லை. இது எப்படி நடந்தது, எங்கெங்கே நான் விழித்துக்கொண்டிருக்கலாம் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வீடு வாங்கிய நாலரை வருஷமும் தனியாகத்தான் அலைந்தேன். இதில் பாதியையாவது யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நிறையத் தப்பித்திருப்பேன்.

2020 ஜனவரியில்தான் முதல்முறை இடம் பார்க்கப் போனேன். அப்போது மேடவாக்கத்தில் வாடகை வீடு. அம்மா மயிலாடுதுறையிலிருந்து என்னோடு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. திண்ணையும் முற்றமும் உள்ள வீட்டில் வாழ்ந்தவர். மூச்சிரைப்பு உண்டு. 'காத்து வர வீடா பாரு' என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. பெருங்குடிக்கும் சோழிங்கநல்லூருக்கும் நடுவில், சாலைக்கு மேற்கே ஒரு மனையைக் காட்டினார்கள். கிழக்கு பார்த்த படுக்கையறை, மத்தியானம் ஆனால் கடல்காற்று நேராக உள்ளே வரும் என்றார் விற்பனைப் பிரதிநிதி. சென்னையில் வெயில் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆறாவது மாடியில் கிழக்கு ஓர வீட்டைக் கேட்டேன்.

அதே வாரம் துரைப்பாக்கம் கண்ணகி நகரையும் காரில் சுற்றிக் காட்டினார்கள். ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏசியன் பெயிண்ட்ஸும் சேர்ந்து அங்கே குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தொடங்கியிருந்த நேரம். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் உள்பகுதிகளிலிருந்தும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்காக 2000 வாக்கில் உருவான ஊர் அது. எனக்குச் சுவரோவியம் என்றால் உயிர். கொஞ்ச நாளில் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் ஏ-கில்லும் கத்ராவும் வரைந்த முகங்களைப் பார்க்கவே இரண்டு முறை இறங்கி நின்றிருக்கிறேன். 'இது இனிமே ஓவிய நகரம் மேடம், விலை ஏறும்' என்றார் பிரதிநிதி. ஆனால் அவர் கொடுத்த விளம்பரப் புத்தகத்தின் வரைபடத்தில் கண்ணகி நகர் என்ற பெயரே இல்லை. ஓவியத்தைக் காட்டி விற்கலாம், அங்கே குடியிருக்கிறவர்களின் ஊர்ப்பெயர் மட்டும் வேண்டாம் என்பது அன்றைக்கே எனக்கு உறுத்தியது. உறுத்தலோடுதான் ஒரு லட்சம் முன்பணம் கொடுத்தேன்.

முதல் தவறு அதற்கு அடுத்த வாரம். ஒப்பந்தம் பதிவாவதற்கு முன்பே 12 லட்சம் கேட்டார்கள், 'ஆஃபர் முடிஞ்சிடும்' என்று அவசரப்படுத்தினார்கள். கொடுத்துவிட்டேன். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது. அடிப்படை விலை சதுர அடிக்கு 6,200 வீதம் 980 சதுர அடிக்கு 60,76,000 ரூபாய். ஆக, ஆறு லட்சத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். மீதிப் பணமும் அவர்கள் கையில் போன பிறகு, ஒப்பந்த வாசகத்தில் ஒரு வரியை மாற்றச் சொன்னாலும் யாரும் காதில் வாங்கவில்லை. பேரம் பேசும் பலம் நம் பணம் நம்மிடம் இருக்கும்வரைதான்.

அந்த 980 என்பதும் சூப்பர் பில்ட்-அப் கணக்கு. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் நம் பங்கைச் சேர்த்துச் சொல்வது. நாம் நடமாடும் கார்பெட் ஏரியா 690தான். ரெராவில் பதிவான திட்டம் என்றால் கார்பெட் ஏரியாவைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, விலையை அதால் வகுத்துப் பாருங்கள், பக்கத்துத் திட்டங்களோடு ஒப்பிட அதுதான் சரியான எண். மனையில் என் பிரிபடாத பங்கு, எல்லோரும் யூடிஎஸ் என்று சொல்வது, 410 சதுர அடி. அப்போதெல்லாம் தமிழ்நாட்டில் இந்தப் பங்குக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் என்று இரண்டு பதிவு. 2023 டிசம்பரிலிருந்து இரண்டையும் சேர்த்த மதிப்புக்கு ஒரே பதிவாக மாறிவிட்டது. இன்று வாங்குகிறவர்கள் பழைய கணக்கை வைத்துச் செலவைப் போடாதீர்கள். கார் நிறுத்தம், ஜிஎஸ்டி 5 சதவீதம், பதிவு எல்லாம் சேர்ந்து எனக்கு 70 லட்சத்தைத் தாண்டியது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பணம் போனது. வீட்டு விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், நாம் கட்டும் ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதத்தை டிடிஎஸ் என்னும் வரிப்பிடித்தமாகக் கழித்து வருமான வரித் துறைக்கு நாம்தான் செலுத்த வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் இரண்டு தவணைக்கும் 13,000 கட்டியிருக்க வேண்டியது, நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறி இரண்டு மடங்கு ஆனது, வட்டி தனி.

மார்ச்சில் பதிவு முடிந்தது, அடுத்த வாரம் ஊரடங்கு. 2022 ஜூனில் சாவி என்று ஒப்பந்தத்தில் இருந்தது. வேலை நின்றது, ஆட்கள் ஊருக்குப் போனார்கள், அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. 2021இல் வேலை மறுபடி பிடித்தது. ஒவ்வொரு மாடிக்கும் காங்கிரீட் போட்டதும் கடிதம் வரும், வங்கி தவணையை விடுவிக்கும், என் மாத வட்டி கொஞ்சம் ஏறும். நான் போய்ப் பார்க்கவில்லை. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கேட்டபோது பாதுகாப்புக் காரணம் என்று உள்ளே விடவில்லை, நானும் அதை ஏற்றுக்கொண்டேன். வீட்டிலிருந்து வேலை, அம்மாவுக்குத் தொற்று வந்துவிடக் கூடாதே என்ற பயம், இரண்டும் சேர்ந்து என்னை உட்கார்த்தி வைத்தன. வங்கி ஆள் வந்து பார்ப்பாரே என்று நினைத்தேன். வங்கிப் பொறியாளர் பார்ப்பது எத்தனையாவது ஸ்லாப் முடிந்தது என்பதை. உங்கள் ஜன்னலை அவர் எண்ண மாட்டார். தவணை கட்டச் சொல்லும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பதிலாக, 'பார்த்துவிட்டுக் கட்டுகிறேன், தேதி கொடுங்கள்' என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். உங்கள் மாடிக்குக் கம்பி கட்டிச் ஷட்டரிங் நிற்கும்போது ஒருமுறையாவது ஹெல்மெட் போட்டுக்கொண்டு மேலே ஏறிவிடுங்கள்.

ஏன் அந்த நேரத்தைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன் என்றால், எங்களுடையது மிவான் கட்டடம். செங்கல் சுவர் கிடையாது. அலுமினிய அச்சுகளை நிறுத்தி, சுவரும் மேல்தளமும் ஒரே வார்ப்பாகக் காங்கிரீட் ஊற்றுவார்கள். இடம் பார்க்கப் போன அன்று அம்மா கேட்டது ஒன்றைத்தான்: 'மௌலிவாக்கத்துல விழுந்துச்சே, அப்படி ஆகாதே?' 2014 ஜூனில் அந்தப் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை ஊரில் டிவியில் பார்த்த பயம். 'மிவான்ல சுவரே தூண் மாதிரிம்மா, அசையாது' என்று பிரதிநிதி தைரியம் சொன்னார். உண்மைதான். அதே காரணத்தால்தான் அந்தச் சுவரைப் பிறகு வெட்டவும் முடியாது. ஜன்னலுக்கான இடம் வார்க்கும் நாளன்றே அச்சில் விடப்பட்டிருக்க வேண்டும். விட்டுப்போனால் போனதுதான்.

2023 பிப்ரவரியில், ஒரு வழியாக அனுமதி கிடைத்து ஏறினேன். படுக்கையறைக் கதவு வைக்கும் இடத்தில் நின்று பார்க்கிறேன், எதிரே வெறும் சுவர். தப்பான வீட்டுக்கு வந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். வெளியே போய் எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி வந்தேன். ஓடிஎஸ் எனப்படும் திறந்தவெளிப் பக்கம், குழாய்கள் இறங்கும் அந்தக் குறுகலான சந்தைப் பார்த்து மட்டும் ஒரு ஜன்னல் இருந்தது. கூட வந்த சைட் இன்ஜினியர் தயங்கிச் சொன்னார்: 'எலிவேஷன் மாத்திட்டாங்க மேடம். ரோட்டுப் பக்கம் ஃபுல்லா பெயிண்டிங் வருது. மெட்ரோ ஓட ஆரம்பிச்சா மேல இருந்து நல்லாத் தெரியும்.' ஓஎம்ஆர் வழியாகத் தூண்கள் மேல் சிறுசேரிவரை போகும் மெட்ரோவின் பயணிகளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு மாடியிலும் கிழக்கு ஓர வீட்டின் ஜன்னலை மூடியிருந்தார்கள். ஒன்பது வீடுகள். ஒருவரிடமும் கேட்கவில்லை. நான் அந்த அறையில் தரையில் சிமெண்ட் தூசியில் உட்கார்ந்து அழுதேன். அந்த இன்ஜினியர் தம்பி ஒரு தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மாவிடம் மூன்று மாதம் சொல்லவில்லை.

என்னைக் காப்பாற்றியது ஒரே ஒரு காகிதம். கட்டுமான ஒப்பந்தத்தின் கடைசியில் என் வீட்டு வரைபடம் இணைக்கப்பட்டு, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தோம். அதில் கிழக்குச் சுவரில் ஜன்னல் குறியும் அளவும் இருந்தன. ரெரா இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டால், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சிஎம்டிஏ, ஒப்புதல் கொடுத்த வரைபடமும் கிடைத்தது. அதிலும் ஜன்னல் இருந்தது. சட்டத்தின் 14ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஒருவர் வாங்க ஒப்புக்கொண்ட வீட்டின் வரைபடத்தை மாற்ற வேண்டுமானால் அவருடைய முன்சம்மதம் வேண்டும். கட்டடத்தின் மற்ற பகுதிகளிலும் பொது இடங்களிலும் மாற்றம் என்றால், வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் வரைபடம் இணைந்திருக்கிறதா, கதவும் ஜன்னலும் அளவோடு குறித்திருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். விளம்பரப் புத்தகத்துப் படத்தின் கீழே 'கலைஞரின் கற்பனை' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சண்டை என்று வந்தால் கையெழுத்தான வரைபடத்தைத்தான் கையில் பிடித்துக்கொள்ள முடியும்.

மற்ற எட்டு வீட்டுக்காரர்களைத் தேடிப் பிடிப்பதற்கே இரண்டு மாதம் ஆனது. இருவர் வெளிநாட்டில், ஒருவர் வாடகைக்கு விடத்தானே என்று விலகிவிட்டார், ஒருவர் 'பெயிண்டிங் இருந்தா ரீசேல் வேல்யூ கூடும்' என்று பில்டர் பக்கமே பேசினார். கடைசியில் ஜூனில் நான் தனியாகத்தான் ரெராவில் புகார் போட்டேன். எழும்பூருக்கும் வழக்கறிஞர் அலுவலகத்துக்குமாக 11 நாள் விடுப்பு. எதிர்த் தரப்பு வாய்தா வாங்கிக்கொண்டே போனது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: நான் தொலைபேசியில் பேசிய எதற்கும் மதிப்பில்லை. மின்னஞ்சலில் கேட்ட இரண்டு கேள்விகளுக்குத்தான் அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல். மூன்றாம் நாள் முட்டளவுத் தண்ணீரில் நடந்து போய்ப் பார்த்தேன். சாலையிலும் தண்ணீர், கட்டடத்தின் கீழ்த்தள பார்க்கிங் கிணறு மாதிரி நிரம்பியிருந்தது. நான் 4 லட்சம் கொடுத்து வாங்கிய கார் நிறுத்தம் அந்தத் தண்ணீருக்குள் எங்கோ இருந்தது. பக்கத்தில் பள்ளிக்கரணை. தென்சென்னையின் மழைநீர் வந்து தேங்கி ஒக்கியம் மடுவு வழியாக வடிய வேண்டிய சதுப்பு நிலம். மிச்சமிருப்பதில் 1,247 ஹெக்டேர் 2022இல்தான் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், அறிவியல் ஆய்வு முடியும்வரை அதன் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. இந்தப் பக்கம் வாங்குகிறவர்கள் நில அளவை வரைபடத்தையும், வருவாய்ப் பதிவில் அந்த மனையும் சுற்றியுள்ள புல எண்களும் என்ன வகைப்பாட்டில் இருக்கின்றன என்பதையும் சொந்தமாக ஒரு வழக்கறிஞரை வைத்துப் பாருங்கள். வங்கி கடன் கொடுக்கிறது என்பதால் நிலம் சரி என்று ஆகிவிடாது. அதைவிட எளிதானது ஒன்று: நவம்பர் அல்லது டிசம்பர் மழையில் போய், முனையில் இருக்கும் டீக்கடையில் 2015லும் 2023லும் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள்.

2024 பிப்ரவரியில் ஓவியம் வரையத் தொடங்கினார்கள். புகார் நிலுவையில் இருக்கும்போதே. கோபத்தோடுதான் போனேன். தொங்கு தொட்டிலில் இரண்டு இளைஞர்கள், வெயிலில், கயிற்றில் தொங்கியபடி ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கியவரிடம் அங்கே ஜன்னல் இருந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். 'எங்களுக்கு அனுப்புன படத்துல ஜன்னலே இல்லக்கா. இருந்திருந்தா அதையும் சேர்த்துத்தான் வரைஞ்சிருப்போம். கோரைக்கு நடுவுல வச்சிருக்கலாம்.' அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பறவையின் கண்ணை அவர் வரைந்திருந்த விதம் அவ்வளவு அழகு. அதைப் பிடித்துப்போனது இன்னும் வேதனையாக இருந்தது.

எங்களுக்குச் சமையலில் உதவ வரும் அக்கா கண்ணகி நகர்தான். சின்ன வயதில் ஆற்றங்கரையிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். 'முன்னாடி கண்ணகி நகர்னு சொன்னா ஆட்டோவே வராதும்மா. இப்ப படம் பாக்க கார்ல வராங்க' என்பார். அங்கே ஏற்கனவே நின்றிருந்த சுவரில் ஓவியம் வந்தது. இங்கே ஓவியத்துக்காகச் சுவரையே மாற்றினார்கள், உள்ளே படுக்கிறவரைக் கேட்காமல். நான் சுவரோவியத்துக்கு எதிரி இல்லை என்பதை எல்லோரிடமும் விளக்கி விளக்கிக் களைத்துப்போனேன்.

2024 ஜூலையில் சமரசத்துக்கு வந்தார்கள். ஜன்னல் முடியாது, கட்டமைப்புப் பொறியாளர் வெட்ட அனுமதி தர மாட்டார், ஐந்து லட்சம் தருகிறோம் என்றார்கள். தாமதத்துக்கு மட்டுமே, கொரோனாவுக்காகக் கிடைத்த நீட்டிப்பைக் கழித்த பிறகும், நான் கட்டியிருந்த தொகைக்கு விதிப்படியான வட்டி, அதாவது ஸ்டேட் வங்கியின் உச்ச கடன் விகிதத்தோடு 2 சதவீதம், 7 லட்சத்துக்குக் குறையாது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். வாடகையும் வட்டியும் சேர்ந்து மாதம் 48,000 போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வருஷம் நடக்க என்னிடம் தெம்பு இல்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை. முடிந்தால் ஆரம்பத்திலேயே ஆறு மாதச் செலவை வழக்குக்கென்று ஒதுக்கி வையுங்கள். களைப்படைகிற பக்கம்தான் கையெழுத்துப் போடுகிறது.

ஆகஸ்ட்டில் சாவி. 26 மாதத் தாமதம். சாவியோடு ஒரு கடிதத்தையும் நீட்டினார்கள்: 'வீட்டில் எந்தக் குறையும் இல்லை, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.' என் சமரசப் பத்திரத்தில் இல்லாத வாசகம் அது. கட்டமைப்பிலும் வேலைத் தரத்திலும் வரும் குறைகளை ஐந்து வருஷம்வரை பில்டர் சரிசெய்து தர வேண்டும் என்பது சட்டம். அந்தக் கடிதத்தின் கீழே 'குறைகள் தனியே மின்னஞ்சலில்' என்று எழுதித்தான் கையெழுத்திட்டேன், அங்கேயே படமும் எடுத்துக்கொண்டேன். சிஎம்டிஏவின் நிறைவுச் சான்றிதழ் நகலையும் கேட்டு வாங்கினேன். அது கையில் வராமல் சாவியை வாங்கிக் குடியேறாதீர்கள், மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் அதைச் சார்ந்தவை.

கணக்கு இது. தாமதமான மாதங்களுக்கு வாடகை 4,68,000. அதே மாதங்களுக்குக் கடன் வட்டி சுமார் 7,80,000. வழக்கறிஞர் 60,000. கையில் வந்தது 5 லட்சம். கட்டி முடியும்வரை கட்டிய வட்டியை, முடிந்த வருஷத்திலிருந்து ஐந்து சம பங்காக வருமான வரிக் கழிவில் காட்டலாம், ஆனால் பழைய வரி முறையில், வருஷம் 2 லட்சம் என்ற உச்சவரம்புக்குள்தான். அதுவும் கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருஷத்துக்குள் வீடு முடிந்தால்தான். இல்லையென்றால் 30,000தான் கழிவு.

அம்மா இப்போது மத்தியானம் இரண்டரை மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குப் பக்கத்து நடைபாதைக் கோடிக்குப் போய்விடுவார். அங்கே மட்டும் கிழக்கே ஒரு திறப்பு இருக்கிறது. காற்று வந்ததும் முந்தானையைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு மூன்று வீட்டுப் பாட்டிகளும் சேர்ந்துகொள்கிறார்கள். ஓவியத்தின் கீழ்ப்பகுதியில் நீலம் வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. மறுபடி வண்ணம் பூசும் செலவு சங்கத்தின் வைப்பு நிதியிலிருந்துதான் என்று பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருப்பதைப் போன மாதக் கூட்டத்தில்தான் பலர் கவனித்தார்கள். வெளிச்சுவர் எல்லோருக்கும் பொது. அதன்மேல் எதைப் பூசுவது, யார் பணத்தில் என்பதைக் குடியேறும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து மனையில் அதே பில்டரின் இரண்டாம் கட்டக் கட்டடம் எழும்புகிறது, பழைய அனுமதியில். அங்கே வாங்கியிருக்கும் ஒரு இளம் தம்பதி, ஓவியத்தைப் படம் எடுக்க வந்தபோது பழக்கமானார்கள். போன சனிக்கிழமை அவர்களோடு ஏறினேன். நாலாவது மாடி, கம்பி கட்டி முடிந்து அச்சு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில் இணைத்த வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டோம். அந்தப் பெண் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையை. கிழக்குச் சுவரின் அச்சில் ஜன்னலுக்கான சட்டம் இருந்தது. நாலடி, நாலரை அடி. தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து, அங்கே நின்றபடியே பில்டருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத்தான் இறங்கினோம்.